வளைக்கும் இயந்திரம் வளையலாகாது

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னர் வீட்டுத் தாழ்வாரங்களுக்குப் பீலி போட்டுக்கொள்வது வழக்கம். அந்தப் பீலியை வளைத்துக் கொடுப்பவர் தகர வேலைக்காரர். அவரிடம் இயந்திரம் என்று எதுவும் இருந்ததில்லை. ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு, ஒரு கொட்டாப்புளி, தகரம் வெட்டும் கத்தரி ஒன்று. இவ்வளவுமே அவரது தொழிற்சாலை. தண்டவாளத்தின் விளிம்பிலே தகட்டை வைத்து, கொட்டாப்புளியால் ஓரம் முழுவதும் சிறிது சிறிதாகத் தட்டிக்கொண்டே போவார். ஒரே இடத்தில் பலமாக அடித்தால் தகடு அங்கு மட்டும் மடிந்து நெளிந்துவிடும். ஆகவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சென்று மீண்டும் திரும்பி வரவேண்டும். பீலியும் வாளியும், வெளியூருக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கான றங்குப் பெட்டியும் அவ்வாறுதான் உருவாகின. (தொண்ணூறுகளில் வடபகுதித் தண்டவாளங்கள் பதுங்கு குழிகளுக்குக் கூரையாகிப் போனமை வேறு கதை. 2014 ஒக்ரோபரிலேயே யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகைவண்டி ஓடியது.)

அத்தகைய தகர வேலைக்காரர் ஒருவரின் மகனைக் காண்பதற்காகவே சென்ற குளிர்காலத்தில் ரொறன்ரோவின் கிழக்குப் புறமாகிய ஸ்காபரோவுக்குச் சென்றிருந்தேன். தமது பெயரை எழுத வேண்டாமென அவர் கேட்டுக்கொண்டமையால் நண்பர் என்றே இங்கு குறிப்பிடுகிறேன். எண்பதுகளின் இறுதியில் அகதியாகக் கனடாவுக்கு வந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தகட்டுவேலைத் தொழிற்சாலையிலே வளைக்கும் இயந்திரத்தின் முன் நின்றவர். அத்தொழிற்சாலை மூடப்பட்டபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. அதன் பின்னர் கிடைத்தது களஞ்சியசாலை ஒன்றில் பெட்டி அடுக்கும் வேலை. கைகளில் இருபது ஆண்டுத் தொழில் இருக்க, அக்கைகள் காகிதப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தன. நம்மவரில் எத்தனையோ பேருக்கு இது புதிய செய்தியன்று.

அவர் செய்ததுதான் புதிது. தமது வீட்டு வாகனக் கொட்டிலில், மூன்று ஆண்டுகளின் ஓய்வு நேரம் முழுவதையும் செலவிட்டு, ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ள தகடு வளைக்கும் இயந்திரமொன்றைத் தாமே கட்டி முடித்திருக்கிறார்.

தொழிற்சாலைகளில் இதனைப் ‘பிரஸ் பிரேக்’ என்பர். பெயரிலே பிரேக் இருந்தாலும் இது எதனையும் நிறுத்துவதற்கான கருவியன்று. கீழே, நீளவாக்கில் ‘வி’ வடிவப் பள்ளம் வெட்டப்பட்ட ஓர் உருக்குக் கட்டை, அது ‘டை’. மேலே, கோடரியின் வாய் போன்று கூம்பிய விளிம்புடைய இன்னொரு கட்டை; அது ‘பஞ்ச்’. இரண்டுக்குமிடையில் தகட்டை வைத்து மேற்கட்டையை இறக்கினால், தகடு பள்ளத்துக்குள் அமிழ்ந்து மடியும். எவ்வளவு ஆழம் இறக்குகிறோமோ அவ்வளவுக்குக் கோணம் ஒடுங்கும். கொட்டாப்புளி ஆயிரம் தட்டில் செய்வதை இது ஒரே அழுத்தத்தில், முழு நீளத்துக்கும் ஒருமிக்கச் செய்துவிடுகிறது.

ஒருமிக்கச் செய்வதற்கான விலை, விசை. பொதுவாகப் பள்ளத்தின் அகலம் தகட்டின் தடிப்பைப்போல் எட்டு மடங்காகக் கொள்ளப்படும். மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரண மென்னுருக்குத் தகட்டை 24 மி.மீ. பள்ளத்தில் மடிப்பதற்கு, மீற்றர் நீளமொன்றுக்கு ஏறத்தாழ 25 தொன் விசை வேண்டும். துருவேறா உருக்காயின் இதன் ஒன்றரை மடங்கு. அலுமினியமாயின் பாதியளவு போதும். நண்பரின் இயந்திரம் 1.2 மீற்றர் அகலமுடையது. ஆகவே அதற்குத் தேவைப்பட்டது 30 தொன். ஏழெட்டு யானைகள் ஒரு கத்தி விளிம்பின்மேல் ஏறி நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

பழைய இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கலாமே என்று நானும் கேட்டேன். தொழிற்சாலை இயந்திரங்கள் பல தொன் எடையுள்ளவை. கனடாவில் அவற்றிற் பெரும்பாலானவை மூன்று கலை மின்சாரத்தில், 600 வோல்ற் அளவில் இயங்குபவை. இங்குள்ள வீடுகளுக்கு வருவதோ ஒரு கலையில் 240 வோல்ற். வாங்கிய இயந்திரத்தை இறக்குவதற்குப் பாரந்தூக்கி, நிறுத்துவதற்குத் தனித்த அத்திவாரம் என்று செலவு நீளும். “வாங்கிற காசுக்கு வீட்டுக்கடன் கட்டலாம்” என்றார் சுருக்கமாக.

வீட்டிலேயே இயந்திரம் செய்யும் பழக்கம் வட அமெரிக்காவில் வேரூன்றிய ஒன்று. மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் ஜிஞ்சரி என்பவர், கழிவு உலோகத்திலிருந்து ஒரு பட்டறை முழுவதையும் அமைத்துக்கொள்வது எப்படி என்று ஏழு நூல்களைக் கொண்ட வரிசையொன்றை எழுதினார். முதலில் கரி உலை. அவ்வுலையில் வார்த்த அலுமினியத்தைக் கொண்டு கடைசல் இயந்திரம். அதனைக் கொண்டு அடுத்த இயந்திரம் என்று ஒன்று மற்றொன்றைப் பெற்றுத் தரும். ஏழாவது நூல் தகடு மடிக்கும் கருவி பற்றியது. நண்பர் அதனைப் படித்திருக்கிறார். ஆயினும் அது கைப்பலத்தால் மெல்லிய தகட்டை மடிக்கும் வகை. இவருக்கு வேண்டியிருந்ததோ தடித்த தகடு.

முதலில் அவர் செய்தது, பலரும் செய்வதுதான். வாகனம் தூக்கும் 20 தொன் ஜக் ஒன்றை உருக்குச் சட்டத்தின் நடுவே பொருத்தி, கீழே டை, மேலே பஞ்ச் என்று அமைத்தார். ஒரு முழத்துக்குக் குறைந்த துண்டுகளை அது நன்றாகவே மடித்தது. தகடு நீண்டதும் தொல்லை ஆரம்பித்தது. விசை நடுவிலே மட்டும் இருப்பதால், தகடு சற்று ஒருபுறமாக இருந்தாலும் மேற்கட்டை சரிந்துவிடும். தள்ளுவது இரு முனைகளிலும் இருக்கவேண்டும் என்பது அன்று தெளிவாயிற்று.

அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளுக்கும் குறைவின்றிப் பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. அதனைக் கொண்டு அழுத்தப்பொறி அமைத்து 1795இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் யோசப் பிரமா. இன்றைய ஹைட்ரோலிக் இயந்திரங்கள் யாவும் அதன் வழிவந்தவை. நண்பர் 100 மி.மீ. உள்விட்டமுள்ள இரண்டு சிலிண்டர்களைத் தெரிந்துகொண்டார். 200 பார் அழுத்தத்தில் ஒவ்வொன்றும் 16 தொன் தள்ளும். இரண்டும் சேர்ந்து 32. நிமிடத்துக்கு எட்டு லீற்றர் எண்ணெய் அனுப்பும் பம்பி; அதனைச் சுழற்ற 240 வோல்ற்றில் இயங்கும் ஐந்து குதிரைவலு மோட்டார். இதனால் மேற்கட்டை செக்கனுக்கு எட்டரை மில்லிமீற்றர் மட்டுமே இறங்கும். தொழிற்சாலைக்காரர் பார்த்தால் சிரிப்பார்கள். அந்த மந்தமே தமக்கு வேண்டியதென்றார் அவர். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இனித்தான் கதையின் முக்கியமான இடம். மேற்கட்டையைத் தாங்கும் விட்டத்துக்கும், கீழே டை அமரும் விட்டத்துக்கும் 25 மி.மீ. தடிப்பும் 250 மி.மீ. உயரமுமுள்ள உருக்குத் தகடுகளை அவர் வாங்கினார். முறிந்துவிடுமோ என்பதே அவரது கவலை. கணக்குப் பார்த்தார். முழு விசையிலும் அவ்விட்டத்தில் ஏற்படும் தகைப்பு, அவ்வுருக்கு தாங்கக்கூடியதில் ஏறத்தாழ அறுபது சதவீதம் மட்டுமே. திருப்தியோடு வெட்டினார், ஒட்டினார், பூட்டினார். ஒரு மார்கழிச் சனிக்கிழமையில், மனைவியும் பிள்ளைகளும் சூழ்ந்து நிற்க, மூன்று மில்லிமீற்றர்த் தகடொன்றை முழு நீளத்துக்கு வைத்து மடித்தார்.

இயந்திரம் முறியவில்லை. தகடும் மடிந்தது. ஆனால் இரு முனைகளிலும் 90 பாகையாக இருந்த மடிப்பு, நடுவிலே 100 பாகைக்குக் கிட்ட விரிந்திருந்தது. தூக்கிப் பார்த்தபோது வள்ளத்தின் அடிப்புறம்போல் வயிறு தள்ளி நின்றது. ஆங்கிலேயத் தொழிலாளரும் இக்குறைக்கு வள்ளத்தின் பெயரையே வைத்திருப்பது வேடிக்கை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அவருடைய மூத்த மகள். பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர், தமது பாடக் கொப்பியை எடுத்து வந்து கொட்டிலிலேயே கணக்குப் போட்டார். “அப்பா, இது முறியாது. ஆனால் தொய்யும்” என்றார். நண்பர் இரண்டு நாள் மகளோடு சரியாகப் பேசவில்லையாம். மூன்றாம் நாள் அதே கொப்பியைக் கேட்டு வாங்கினாராம்.

முறியாமை வேறு, தொய்யாமை வேறு. வாசகர்கள் இதனைச் சற்றுப் பொறுமையோடு கேட்கவேண்டும். இரு முனைகளிலும் தள்ளப்படும் விட்டத்துக்கு, தகடு கொடுக்கும் எதிர்ப்பு நீளம் முழுவதிலும் பரவி நிற்கிறது. ஆகவே விட்டம் நடுவிலே பின்வாங்கி வளையும். மேற்சொன்ன அளவுகளுக்கு அவ்வளைவு ஒரு மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாத அளவு. கீழ்விட்டமும் அதேபோன்று வளைவதால் இரண்டு மில்லிமீற்றர். ஆனால் 24 மி.மீ. பள்ளத்திலே, செங்கோணத்துக்கு அருகில், பஞ்ச் ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இறங்கினாலே மடிப்பு ஒரு பாகை விரிந்துவிடும். இரண்டு மில்லிமீற்றருக்குப் பத்துப் பாகை. வள்ளம் அங்கிருந்துதான் வந்தது.

இதற்கு மருந்தென்ன? கூடிய பலமுள்ள விலையுயர்ந்த உருக்கை வாங்கலாமென நண்பர் முதலில் எண்ணினார். வாங்கியிருந்தால் காசு வீண். உருக்கின் பலம் வகைக்கு வகை மாறும். வளையாது எதிர்த்து நிற்கும் இயல்போ மலிந்த உருக்குக்கும் விலையுயர்ந்த உருக்குக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தடிப்பை இரட்டித்தால் தொய்வு பாதியாகும். அதே எடை உருக்கை உயரத்திலே சேர்த்து, 250 மி.மீ.ஐ 500 மி.மீ. ஆக்கினால், அவ்வளைவு எட்டிலொரு பங்காகும். வீட்டுக்கு வளை போடும் தச்சர், மரத்தைப் படுக்க வைக்காது நிறுத்தி வைப்பது இதனால்தான். தச்சருக்குக் கை சொன்னதை மகளுக்குக் கொப்பி சொல்லிற்று.

ஆகவே எல்லாவற்றையும் கழற்றினார். 500 மி.மீ. உயரத்தில் புதிய தகடுகள் வந்தன. மேல்விட்டம் ஒன்றே 125 கிலோவுக்கு மேல். வாகன என்ஜின் தூக்கும் சிறிய பாரந்தூக்கியை வாடகைக்கு எடுத்து ஏற்றினார்கள். எஞ்சிய சிறு தொய்வுக்கு, டையின் கீழே நடுப்பகுதியில் மட்டும் பித்தளைத் தாள் துண்டுகளைச் செருகினார். தொழிற்சாலையில் வேலை பழகிய காலத்தில் காகிதக் கீலங்களைச் செருகி இதையே செய்திருக்கிறார்; ஏன் செய்கிறோம் என்று எவரும் அவருக்குச் சொன்னதில்லை. இருபது ஆண்டு அவரை அவர்கள் இரண்டு கைகளாகவே வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

வெல்டிங் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒட்டு ஆறும்போது சுருங்கி இழுக்கும் என்பது இத்தொழில் தெரிந்தவர் அறிந்ததே. ஒரு புறம் ஒரு சாண் ஒட்டினால் மறுபுறம் ஒரு சாண் என்று மாறி மாறி ஒட்டி, தடித்த தகடுகளை முன்கூட்டியே சூடாக்கி, இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு சிலிண்டர்களையும் ஒத்து நடக்கச் செய்வதுதான் அவரை அதிகம் வருத்தியது. எண்ணெய்க்கு நேர்மை கிடையாது. எப்புறம் எதிர்ப்புக் குறைவோ அப்புறமே ஓடும். தகடு இடப்புறமாக இருந்தால், வலப்புறச் சிலிண்டர் முந்திக்கொண்டு கட்டையைச் சரித்துவிடும். பெரிய தொழிற்சாலை இயந்திரங்களில் இன்று கணினி இதனைக் கவனித்துக்கொள்கிறது. பழைய இயந்திரங்களில் இருந்த வழி, இரு முனைகளையும் ஒரு முறுக்குத் தண்டால் இணைப்பது. ஒரு முனை முந்தினால் தண்டு முறுகி மறுமுனையையும் கூடவே இழுத்துச் செல்லும். தண்டு தடித்ததாக இருக்கவேண்டும். விட்டம் இரட்டித்தால் முறுக்கத்தை எதிர்க்கும் வலு பதினாறு மடங்காகும். பழைய இரும்புக் கடையில் கிடைத்த தடித்த உருக்குக் குழாயொன்று அவருக்கு முறுக்குத் தண்டாயிற்று.

இனி, மந்த வேகத்தின் காரணம். நண்பர் வேலை செய்த இடத்தில், இயந்திரத்தை இயக்குவதற்கு இரண்டு பொத்தான்கள் இருந்தன. இரண்டையும் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினாலன்றிக் கட்டை இறங்காது. இரு கைகளும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் பஞ்சின் கீழ் இருக்க முடியாது என்பதே ஏற்பாடு. வேலை விரைவாக முடியவேண்டுமென்று, ஒரு பொத்தானை ஒட்டு நாடாவால் அமுக்கிக் கட்டிவைக்கும் பழக்கம் அங்கே இருந்தது. கண்டும் காணாதிருந்தார்கள். ஒருநாள் இரவு வேலையில், பக்கத்து இயந்திரத்தில் நின்ற வேற்று நாட்டு அகதி ஒருவரின் மூன்று விரல்கள் போயின. சத்தமே கேட்கவில்லை என்றார் நண்பர். அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து தேநீர் கொண்டுவரப் போய்விட்டார்.

அவரது சொந்த இயந்திரத்திலும் இரு பொத்தான்கள் உள்ளன. ஒன்றைக் கட்டிவைத்தால் இயங்காதபடி, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இரண்டையும் விட்டு மீண்டும் அழுத்தவேண்டிய இணைப்பும் உண்டு. கையை எடுத்த கணமே கட்டை நிற்கும். மின்சாரம் நின்றாலும், குழாய் வெடித்தாலும் கட்டை தானாக விழாதிருப்பதற்குச் சிலிண்டர்களிலேயே பூட்டு வால்வு. பஞ்ச் மாற்றும்போது கட்டையின் கீழ் உருக்கு முட்டு. இத்தனை இருந்தும் செக்கனுக்கு எட்டரை மில்லிமீற்றர் என்ற வேகத்தை அவர் கூட்டப்போவதில்லை.

பலரும் அறியாத ஆபத்து எண்ணெயிலே இருக்கிறது. 200 பார் என்பது மோட்டார்க் கார் ரயரில் உள்ள அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ தொண்ணூறு மடங்கு. குழாயில் ஊசித் துவாரம் விழுந்தால், அதிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறிய புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் அதிகமிராது. உடனடியாக மருத்துவமனையில் சத்திரசிகிச்சை செய்யாவிடில் கையையே இழக்க நேரலாம். எண்ணெய் கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கலாகாது. மட்டைத் துண்டொன்றைப் பிடித்துப் பார்ப்பதே முறை. இவ்விடயத்தை மட்டுமாவது பத்திரிகையில் போடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

சட்டத்தின் பக்கமும் உண்டு. புதிய மின்னிணைப்புக்கு ஒன்ராறியோவின் மின்பாதுகாப்பு அதிகாரசபையிடம் அனுமதி பெற்று, பரிசோதகரும் வந்து பார்த்துச் சென்றார். தமக்குத் தாமே வேலை செய்யும்வரை ஒருவிதம். ஒருவரையேனும் கூலிக்கு அமர்த்தினால் மாகாணத்தின் தொழிற்பாதுகாப்புச் சட்டம் கொட்டிலுக்குள் நுழைந்துவிடும். ஐரோப்பாவில் வாழும் வாசகர்கள் கூடுதலாகக் கவனிக்கவேண்டும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் இயந்திரப் பணிப்புரை, சொந்த உபயோகத்துக்காகச் செய்த இயந்திரத்தையும் விட்டுவைக்கவில்லை. எல்லோரும் இதனைச் செய்து பாருங்கள் என்று நான் எழுதவில்லை. இருபது ஆண்டு அதன்முன் நின்ற ஒருவரே மூன்று ஆண்டு எடுத்திருக்கிறார், அதிலும் ஒரு முறை தவறி.

அவரது துணைவியார் ஆரம்பத்தில் இதற்குச் சம்மதிக்கவில்லை. அயல் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஓடி விளையாடும் வீட்டில், கையைத் துண்டிக்கும் இயந்திரம் எதற்கு என்பது அவரது கேள்வி. நியாயமான கேள்வி. ஈற்றில் ஒரு நிபந்தனையோடு இணங்கினாராம். “கட்டுறதெண்டால் கட்டுங்கோ. ஆனால் திறப்பு என்னட்டைத்தான் இருக்கும்.” அதன்படி மின்சாரப் பெட்டியில் பூட்டொன்று போடப்பட்டது. திறப்பு குசினியில், அரிசி வாளிக்கு மேலுள்ள ஆணியில் தொங்குகிறது. நண்பர் வேலை தொடங்கும்போது கேட்டு வாங்கவேண்டும். முடிந்ததும் கொண்டுவந்து கொடுக்கவேண்டும்.

நான் சென்றிருந்த நாளில், நம்மவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையொன்றின் சமையலறைக்காக ஒன்றரை மில்லிமீற்றர்த் துருவேறாத் தகட்டில் மேசையொன்று தயாராகிக்கொண்டிருந்தது. கரையில் பொத்தான் பெட்டியோடு அவர் நிற்க, தகட்டின் ஓரம் மெல்ல மேலெழுந்தது. மடியும்போது வெளியே நிற்கும் பகுதி உயர்ந்து வந்து நாடியில் அடிக்கும் என்று என்னை இரண்டடி பின்னே நிற்கச் சொல்லியிருந்தார். துருவேறா உருக்கு, விசையை எடுத்ததும் சில பாகை மீண்டும் விரியும்; ஆகவே 90 வேண்டுமானால் 87 வரை போகிறார். எடுத்து மட்டத்தை வைத்துப் பார்த்தார். இடது முனை, நடு, வலது முனை. நடுவிலே அரைப் பாகை அளவு வெளிச்சம் தெரிந்தது.

பித்தளைத் தாளில் இன்னொரு கீலம் வெட்டி, டையின் கீழ் செருகினார். அடுத்த மடிப்பில் அந்த வெளிச்சமும் இல்லை.

இயந்திரத்தின் கால்களுக்கு அருகில் ஒரு தண்டவாளத் துண்டு கிடந்தது. தந்தையாருடையதா என்று கேட்டேன். இல்லை, இங்கே பழைய இரும்புக் கடையில் பத்து டொலருக்கு வாங்கியதென்றார். மூலைகளைத் தட்டிச் சீராக்குவதற்கு இன்னமும் அதுதான் வசதியாம். உள்ளேயிருந்து சாப்பிட வரும்படி குரல் வந்தது. அவர் மோட்டாரை நிறுத்தி, மேற்கட்டையின் கீழ் முட்டை வைத்து, பெட்டியைப் பூட்டி, திறப்பை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னே நடந்தார்.